பதுளை வீதியால் மலைக்குப் போன ஊழியப் பயணங்கள்

செங்கலடிச் சந்தியிலிருந்து மேற்கே பிரிகின்ற வீதியை எங்கள் மாவட்டத்தில் எல்லோரும் பதுளை வீதி என்றே சொல்வார்கள். கரடியனாறு, பெரிய புல்லுமலை, மகாஓயா, பிபிலை என்று ஓடி, லுணுகலைக்கு மலையேறி, பசறை வழியாகப் பதுளையை அடைகின்ற அந்த வீதியின் மறுமுனையில் வாழும் தமிழ்ச் சனங்களை, கல்லாற்றுக்குப் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்து 31 வருடங்கள் கணிதம் படிப்பித்த நான், ஓய்வுபெற்ற பிறகுதான் முதன்முதலாகப் போய்ப் பார்த்தேன். 2018 ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் சபையைச் சேர்ந்த 32 பேர், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு நான்கு நாள் ஊழியப் பயணம் போனோம். அதன் பின்னர் அதே தோட்டத்துக்கு ஐந்து தடவைகள் போய்வந்திருக்கிறேன். இப்படியொரு பயணத்துக்கு ஆயத்தம் பண்ணுகின்ற மற்றச் சபைகளுக்கு உதவும் என்பதால், முதற் பயணத்தில் நாங்கள் விட்ட பிழைகளையும், பிறகு மெல்ல மெல்லத் திருத்திக்கொண்டவற்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பிழை, பஸ் ஏறுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஜூலை மாதம் முழுவதும் ஞாயிறு ஆராதனை முடிவில் அறிவித்தல் கொடுத்து உடுப்பு, அரிசி, பால்மா, கொப்பி, பென்சில் என்று சேர்த்தோம். மண்டபத்தின் மூலையில் உடுப்பு மூட்டைகள் யன்னல் மட்டத்துக்கு உயர்ந்தன. அந்தத் தோட்டத்துச் சபையை நடத்துகின்ற உபதேசியாரோடு தொலைபேசியில் கதைத்தது இரண்டு தடவைதான். இரண்டு தடவையும் எந்தத் திகதியில் வருகிறோம், எத்தனை பேர் வருகிறோம் என்று சொன்னோமே தவிர, உங்களுக்கு என்ன தேவை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதை எழுதும்போது இன்றும் எனக்கு வெட்கமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் வீட்டை எடுத்துக்கொண்டு போன பிறகு, பாடசாலை முகாமில் இருந்த எங்களுக்கு லொறி லொறியாக உடுப்பு வந்தது. என் அம்மாவுக்குக் கிடைத்த பையில் ஒரு கம்பளிக் கோட்டும், குதி உயர்ந்த ஒற்றைச் செருப்பும் இருந்தன. பையைக் கொடுத்தவர் அம்மாவின் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்பறைக்குப் போய்விட்டார். அம்மாவின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அம்மா அந்தக் கோட்டை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தார். வாங்குகின்ற கை எப்படிக் கூசும் என்பதை அந்த முகாமில் அனுபவித்த நாங்களே, கொடுக்கின்ற இடத்துக்கு வந்ததும் அதே மாதிரி மூட்டை கட்டினோம்.

சொல்லத் தயங்கக் கூடாத இன்னொன்றும் உண்டு. மலையகத்து மக்களைக் குறிக்க எங்கள் பகுதியில் 'தோட்டக்காட்டார்' என்ற இழிசொல் நெடுங்காலமாகப் புழங்கிவருகிறது. ஆயத்தக் கூட்டத்திலேயே ஒருவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார், ஒருவரும் திருத்தவில்லை. குழுவில் இருந்த ஒரு தங்கச்சி மட்டும் முகம் மாறி எழுந்து வெளியே போனாள். அவளுடைய தாய்வழிக் குடும்பம் 1977 வன்செயலுக்குப் பிறகு மலையிலிருந்து இறங்கிவந்து எங்கள் மாவட்டத்தில் குடியேறியது என்பதை அதற்குப் பிறகே அறிந்தோம். 1948இல் பிரசாவுரிமை பறிக்கப்பட்டு, 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கைக்கும் இந்தியாவுக்குமாகக் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் நாடற்றவர் என்ற பெயரைச் சுமந்த ஒரு சமூகத்திடம் போகிறோம் என்ற அறிவு, ஆயத்தக் கூட்டத்தில் ஜெபத்துக்கு அடுத்தபடியாக இடம்பெற வேண்டியது. இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னர் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, அந்தத் தங்கச்சியே இந்த வரலாற்றைக் குழுவினருக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். அந்தச் சொல்லை விட முடியாதவருக்கு எங்கள் வேனில் இடம் இல்லை.

நற்செய்தியை நாங்கள்தான் மலைக்குக் கொண்டுபோகிறோம் என்ற நினைப்பும் எங்களிடம் இருந்தது. அங்கிலிக்கன் திருச்சபையினர் 'தமிழ்க் கூலி மிஷன்' என்ற பெயரில் தோட்டங்களில் ஊழியத்தைத் தொடங்கியது 1854இல். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நாட்டியதே 1867இல்தான். கோப்பிக் காலத்திலிருந்து அங்கே தமிழில் ஜெபித்தவர்கள் இருக்கிறார்கள். நாங்கள் போன தோட்டத்துச் சபை 14 குடும்பங்களைக் கொண்ட சிறிய சபை என்றாலும், நாலு தலைமுறையாக அங்கேயே ஞானஸ்நானமும் திருமணமும் அடக்கமும் நடத்திவருகிற சபை. அவர்கள் எங்களை வரவேற்றுப் பாடிய கீர்த்தனையின் மூன்றாம் சரணம் எங்களில் ஒருவருக்கும் மனப்பாடம் இல்லை. அங்கே சிறுபிள்ளைகள்கூடப் புத்தகம் பார்க்காமல் பாடினார்கள்.

பயண ஒழுங்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் பெரிய பஸ் தோட்டத்துப் பாதையின் முதல் முடக்கிலேயே திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. மிச்சம் நாலு கிலோமீற்றரை நாங்கள் நடக்க, மூட்டைகள் கொழுந்து லொறியில் போயின. அதனால் அன்றைய கொழுந்து தொழிற்சாலைக்குப் பிந்திப் போய்ச் சேர்ந்தது என்று மறுநாள் அறிந்தோம். இரண்டு வேன்களில் போவதும், மலைப்பாதை பழகிய சாரதியைப் பிடிப்பதும், பொழுதுபடுவதற்குள் போய்ச் சேர்வதும் நல்லது. 2021 மார்ச் 20இல் பசறை 13ஆம் கட்டையில் பஸ் பள்ளத்தில் விழுந்து பலர் இறந்தது நாங்கள் போய்வருகின்ற இதே வீதியில்தான். சமதரையில் ஓடிப் பழகியவரிடம் இந்த வீதியைக் கொடுக்கக் கூடாது. வளைவுகளில் சத்தி எடுக்கும் பிள்ளைகளுக்கு வெறும் வயிறும் ஆகாது, நிறைந்த வயிறும் ஆகாது. பிபிலையில் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு ஏறுவது எங்களுக்குச் சரியாக அமைந்தது.

லயம் என்கின்ற தோட்டத்து வரிசைக் குடியிருப்பைப் பற்றி வாசித்திருந்தேன். 10 அடிக்கு 12 அடி காம்பராவில் மூன்று தலைமுறையினர் படுத்தெழும்புவதை வாசித்து அறிய முடியாது. முன்னால் இஸ்தோப்பு என்கின்ற சிறு திண்ணை, உள்ளே ஒரு காம்பரா, புகை படிந்த அடுப்படி, அடுத்த குடும்பத்தின் இருமல் கேட்கின்ற சுவர். ஆண்களைத் தேவாலயத்திலும் பெண்களை, பகலில் பிள்ளைகளைப் பராமரிக்கின்ற பிள்ளைமடுவத்திலும் தங்கவைத்தார்கள். மேட்டு லயத்துக்கும் பணிய லயத்துக்கும் சேர்த்து, மலைத்தண்ணீர் விழுகின்ற பீலி ஒன்றுதான். கச்சான் காற்று எங்கள் வாவிக் கரையைக் காயவைக்கின்ற ஆகஸ்ட் மாதத்தில் அந்த மலைச்சரிவிலும் மழை குறைவு என்பதால், பீலியில் தண்ணீர் சுண்டுவிரல் தடிப்பில்தான் விழுந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை 5 மணிக்குப் பெண்கள் 18 பேர் குளிக்கப் போனோம். கடற்கரைச் சனங்களுக்குத் தலையில் தண்ணீர் ஊற்றாமல் நாள் தொடங்காது. ஒருவர் பின் ஒருவராக வாளி நிரப்பி நிரப்பி ஊற்றிக்கொண்டிருக்க, என் முறை வந்தபோது ஐந்தே முக்கால். தலை நிறைய நுரையோடு திரும்பிப் பார்த்தால், குடமும் வாளியுமாக ஏழெட்டுப் பெண்கள் வாய் திறவாமல் நிற்கிறார்கள். ஆறரைக்குப் பிரட்டு என்கின்ற வேலைப் பதிவு, அதற்குள் தண்ணீர் பிடித்து, ரொட்டி சுட்டு, பிள்ளைகளை எழுப்பி, கூடையும் இடுப்பில் கட்டும் படங்கும் எடுத்துக்கொண்டு அவர்கள் மலைக்கு ஓட வேண்டும். "நீங்க குளிங்க டீச்சரம்மா, நாங்க அப்புறமா புடிச்சிக்கிறோம்" என்றார் முன்னால் நின்ற ஒருவர். அந்த 'அப்புறம்' அவர்களுக்கு இல்லை. கால் வாளித் தண்ணீரோடு அவர்கள் படியேறி ஓடியதை, நுரை கண்ணில் வடிய வடியப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்தப் பெண்களின் கோபத்தை அன்று நான் கேட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். விருந்தாளி என்பதற்காக அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு ஒருபோதும் எட்டுப் பேருக்கு மேல் நாங்கள் போனதில்லை. காலை 9 மணிக்குப் பிறகு, எல்லோரும் மலைக்குப் போய்ப் பீலி ஓய்ந்திருக்கும் நேரத்தில், ஆளுக்கு ஒரு வாளி. எத்தனை பேர் போகலாம் என்பதைச் சேர்ந்த பணத்தைப் பார்த்தும் ஆர்வமுள்ளவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தும் நாங்கள் தீர்மானித்தோம். அதைத் தீர்மானிக்க வேண்டியது போகின்ற இடத்துத் தண்ணீரும் மலசலகூடமும்.

மருத்துவ முகாமையும் அதே வெள்ளிக்கிழமையில்தான் வைத்தோம், எங்களோடு வந்த வைத்தியர் சனிக்கிழமை திரும்ப வேண்டியிருந்தபடியால். அது வேலைநாள் என்பதை நாங்கள் யோசிக்கவில்லை. தோட்டத்தில் 'பேர்' என்பது ஒரு நாள் வேலையையும் அதன் கூலியையும் குறிக்கின்ற சொல். அன்றைக்குக் குறித்த கிலோக் கணக்குக்குக் கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். அந்த வருடத்தில் அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாய். இலவச மருந்து என்று நாங்கள் சொல்லியனுப்பியதை நம்பி 60க்கும் மேற்பட்டோர் மலையிலிருந்து நேரத்தோடு இறங்கி வந்து வரிசையில் நின்றார்கள். நாங்கள் இலவசமாகக் கொடுத்த பரசிட்டமோல் அட்டைக்கு அவர்கள் அரைநாட் கூலியை விலையாகச் செலுத்தினார்கள் என்பதை மாலையில் உபதேசியார் கணக்குப் போட்டுச் சொன்னபோது, கணக்கு ஆசிரியையான எனக்கு வாயடைத்துப்போனது.

மருந்து விடயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பிரஷர் கூடியிருந்தவர்களுக்கு இரண்டு கிழமைக்குரிய மாத்திரை கொடுத்தோம்; மூன்றாவது கிழமை அவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைக்கவில்லை. இலங்கையில் அரசாங்க வைத்தியசாலை கிளினிக்கில் மாத்திரை இலவசம்; அந்தச் சனங்களுக்குக் குறைவாக இருப்பது மாத்திரை அல்ல, கிளினிக் நாளில் வேலையை விட்டுப் பஸ் ஏறிப் போய்வருவதற்கான பணமும் துணையும்தான். இப்போது நாங்கள் பிரஷரும் சீனியும் மட்டும் பார்த்து, எழுதிக் கொடுத்து, கிளினிக் கொப்பி இல்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பதிவு செய்விக்கிறோம். அதையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு முன்கூட்டியே அறிவித்து, அந்தப் பிரிவுக் குடும்பநல உத்தியோகத்தரோடு சேர்ந்தே செய்கிறோம். தோட்டத்துக்குள் எந்தக் கூட்டம் வைப்பதானாலும் தோட்ட நிருவாகத்தின் அனுமதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. அது இல்லாமல் போனால் பதில் சொல்லவேண்டி வருவது உபதேசியாருக்குத்தான்.

அந்த முகாமில் உண்மையாகவே பயன்பட்டது, கடைசி நேரத்தில் ஒரு சபை அங்கத்தவர் கொண்டுவந்து தந்த 40 வாசிப்புக் கண்ணாடிகள். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, இரண்டு தசம் ஐந்து பவர் கண்ணாடியைப் போட்டதும் முதலில் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்து, வெடித்த கோடுகளில் அந்தக் கறை நூல் நூலாகப் படிந்திருந்த விரல்கள் அவை. நான் வேதாகமத்தைத் திறந்து நீட்டினேன். அவர் அதை மரியாதையோடு வாங்கி மடியில் வைத்துவிட்டு, சேலை முடிச்சிலிருந்து எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்து விரித்தார். அது சம்பளத் துண்டு. ஊழியர் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8, சங்கச் சந்தா, முற்பணம், கோவிலுக்கு என்று ஒவ்வொரு கழிவாக விரலை வைத்து வாசித்துக்கொண்டே போனார். எத்தனையோ வருடங்களாக மற்றவர்கள் வாசித்துச் சொன்னதை நம்பிக் கைநாட்டுப் போல ஒப்பம் வைத்துவந்தவர், அன்றைக்குத் தன் உழைப்பைத் தானே வாசித்தார். ஊழியம் என்ற சொல்லுக்கு நான் கொண்டிருந்த பொருள் அந்த இஸ்தோப்பில் வைத்துத்தான் அகன்றது. அதன் பிறகு எங்கள் வேனில் எது இல்லாவிட்டாலும் வாசிப்புக் கண்ணாடி இருக்கும். ஒன்றரை தொடக்கம் மூன்று வரையுள்ள பவர்கள் போதும்.

உடுப்பு மூட்டைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மட்டக்களப்பு வெயிலுக்கு ஏற்ற மெல்லிய பருத்திச் சேலைகளையும் கையில்லாத சட்டைகளையும், இரவில் பல் கிட்டுகின்ற குளிர்மலைக்குக் கொண்டுபோனோம். மறுநாட் காலையில் நாங்கள் கொடுத்த சேலையொன்று ஒரு காம்பராவின் உடைந்த யன்னலில் காற்றுக்கு மறைப்பாகக் கட்டப்பட்டிருந்தது. என் அம்மா தலைக்கு வைத்துப் படுத்த கோட்டைத்தான் நான் அங்கே கண்டேன். அவ்வளவு போதாதென்று, எங்கள் இளைஞர்கள் பிள்ளைகளைக் கொப்பியோடு வரிசையாக நிறுத்தி எடுத்த படங்களை அன்றிரவே முகநூலில் போட்டிருந்தார்கள். யாரும் ஒன்றை வாங்கும்போது படம் எடுப்பதில்லை என்ற விதியை அடுத்த பயணத்தில் எழுதி எல்லோரிடமும் ஒப்பம் வாங்கினேன். சேர்ந்து சாப்பிடும்போதும் பாடும்போதும் எடுத்த படங்கள் எங்களிடம் நிறைய உண்டு. அவற்றின் பிரதிகளை அவர்களுக்கும் கொடுத்திருக்கிறோம்.

சாப்பாடு இன்னொரு பாடம். அவர்களுக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்று நினைத்து அரிசி, கருவாடு, போத்தல் தண்ணீர் எல்லாம் கொண்டுபோய், தேவாலயத்துக்குப் பின்னால் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டோம். நல்ல எண்ணத்தில் செய்த காரியம். ஆனால், தீட்டுப் பார்த்து ஒதுக்கப்பட்ட அனுபவம் முன்னோர் காலத்திலிருந்தே உள்ள சனங்களுக்கு அது வேறுவிதமாகத் தெரிந்தது. இயேசு எழுபது பேரை இரண்டிரண்டு பேராக அனுப்பியபோது பணப்பையும் பையும் கொண்டுபோகாமல், போகின்ற வீட்டில் கொடுப்பதைச் சாப்பிடச் சொன்னார் என்பதை ஓய்வுநாட் பாடசாலையில் நான் எத்தனை தரம் படிப்பித்திருப்பேன்! இப்போது அரிசியையும் மாவையும் தேங்காயையும் அவர்களிடமே கொடுத்துவிட்டு, ஒவ்வொரு காம்பராவிலும் இருவராகப் பிரிந்து சாப்பிடுகிறோம். கோதுமை ரொட்டியும், அம்மியில் அரைத்த கட்டைச் சம்பலும், சாயம் கூடிய வெறுந்தேத்தண்ணியும்தான். அந்த அடுப்படியில் ஒரு மணித்தியாலம் குந்தியிருந்தால் எந்தக் கூட்டத்திலும் வெளிவராத காரியங்கள் வெளிவரும்.

மிகப் பெரிய பிழையைக் கடைசியாகச் சொல்கிறேன். சனிக்கிழமை மாலை லயத்து முற்றத்தில் ஒலிபெருக்கி கட்டிக் கூட்டம் வைத்தோம். வேண்டாம், தேவாலயத்துக்குள்ளேயே வைப்போம் என்று உபதேசியார் சொன்னார், நாங்கள் கேட்கவில்லை. நூறு அடிக்குள் மாரியம்மன் கோவில். எங்களில் ஒருவர் உற்சாகத்தில் மற்றவர்களின் வழிபாட்டைக் குறைவாகப் பேசினார். அப்போது யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அடுத்த வருடம் பெப்ரவரி மாதத்தில், இன்னொரு அக்காவும் நானுமாக இரண்டே பேர் பஸ் ஏறி, மன்னிப்புக் கேட்கவும் அவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்கவும் போனபோதுதான் உபதேசியார் மனம் திறந்தார்.

"நீங்க வந்த பஸ்ல போயிட்டீங்க டீச்சர். நாங்கதானே இங்க இருக்கணும். நம்ம வீட்ல ஒரு சாவு விழுந்தா, தூக்குறதுக்கு நாலு பேரு அந்தப் பக்கத்துல இருந்துதானே வரணும்?"

தோட்டத்தில் மரண உதவிச் சங்கத்துக்கு எல்லா வீட்டாரும் காசு போடுகிறார்கள். குழி வெட்டுவதும் சமைத்துக் கொடுப்பதும் அக்கம்பக்கத்தார்தான். நாங்கள் திரும்பிய பிறகு சில மாதங்களாக அந்த 14 குடும்பங்களோடு பலர் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. எங்கள் ஒரு மாலை நேரத்து வைராக்கியத்துக்கான விலையை ஒரு சிறுபான்மைச் சபை மாதக்கணக்கில் கட்டியது. நான் கிறிஸ்துவை அறிவிப்பதை விட்டுவிடச் சொல்லவில்லை. என் வாழ்க்கையே அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. மருந்து வரிசையில் நிற்பவரின் தலையில் கைவைத்து ஜெபிப்பதையும், பொதி கொடுப்பதற்கு முன் பிரசங்கம் கேட்கவைப்பதையும் விட்டுவிடச் சொல்கிறேன். தேவையோடு நிற்கிறவர் வேண்டாம் என்று சொல்ல முடியாது. வேண்டாம் என்று சொல்ல முடியாதவரிடம் கேட்டு வாங்கும் ஆமென் யாருக்கும் மகிமை சேர்க்காது.

அந்த பெப்ரவரிப் பயணத்தில் கோவில் தலைவரின் வீட்டுக்கும் போனோம். தேத்தண்ணி தந்தார். மன்னிப்பை ஏற்றுக்கொண்டாரா என்பது அவருடைய முகத்தில் தெரியவில்லை. உங்களுடைய பிள்ளைகளுக்கு என்ன செய்தால் நல்லது என்று கேட்டபோது மட்டும் யோசிக்காமல் பதில் சொன்னார்: கணக்கு. அதே பதிலைத்தான் உபதேசியாரும் சொன்னார், கண்ணாடி போட்ட அந்த அம்மாவும் சொன்னார். மலையகத்துத் தமிழ்ப் பாடசாலைகளில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் தட்டுப்பாடு நெடுநாளையது. சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாத பிள்ளை உயர்தரத்துக்குப் போவது கடினம். போகாத பிள்ளை கொழும்புக் கடைக்கோ வீட்டு வேலைக்கோ போகும். முதற் பயணத்தில் 32 பேரோடும் ஒரு பஸ் நிறைந்த மூட்டைகளோடும் போன நான், அவர்களுக்கு உண்மையில் வேண்டியிருந்த ஒன்றை 31 வருடங்களாக என் கையிலேயே வைத்திருந்தேன். மட்டக்களப்புக்கு 1814இல் வந்து, எட்டே மாதங்களில் நோய்ப்பட்டு இறந்துபோன மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் போதகர், அந்தக் குறுகிய காலத்தில் செய்த வேலைகளில் முக்கியமானது பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தது. அவர் திறந்துவைத்த வழியில் படித்து ஆளான எங்களுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

2019 ஆகஸ்ட் விடுமுறைக்கு வகுப்பு வைப்பதாகத் திட்டமிட்டோம். 2019 ஏப்ரல் 21இல், உயிர்த்த ஞாயிறு காலையில், மட்டக்களப்பு நகரில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பிள்ளைகள் பலர். அன்று பின்னேரம் என் கைத்தொலைபேசிக்கு வெளியூரிலிருந்து வந்த முதல் அழைப்பு அந்தத் தோட்டத்திலிருந்துதான் வந்தது. உபதேசியார் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் அழுதுவிட்டார். அவரிடமிருந்து தொலைபேசியை வாங்கி, பேர் பேராக எங்கள் 32 பேரையும் விசாரித்தவர் கண்ணாடி போட்ட அந்த அம்மா. நான்கு நாட்கள் மட்டும் கண்ட எங்கள் எல்லோருடைய பெயர்களையும் அவர் மனதில் வைத்திருந்தார். நான் அவருடைய பெயரைத் தவிர அந்த லயத்தில் மூன்று பெயர்களைக்கூட நினைவில் வைத்திருக்கவில்லை.

பிறகு கொரோனா, பிறகு 2022இன் எரிபொருள் தட்டுப்பாடு. போக முடியாத அந்த வருடங்களில் உபதேசியாரின் கைத்தொலைபேசி வழியாகக் கணக்குகளை எழுதி அனுப்பினேன். சமிக்ஞை கிடைக்கின்ற மேட்டுக்குப் பிள்ளைகள் ஏறிப்போய்ப் பார்த்து எழுதுவார்கள். 2023 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறும் சித்திரைப் புத்தாண்டும் அடுத்தடுத்து வந்த கிழமையில், வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்கின்ற எங்கள் சபைப் பிள்ளைகள் நால்வரோடு போய் முதல் வகுப்பை நடத்தினோம். வந்த 19 பிள்ளைகளில் 15 பேர் இந்துக்கள். தேவாலயத்துக்குள் அனுப்ப அவர்களுடைய பெற்றோர் தயங்குவார்கள் என்று நினைத்துப் பிள்ளைமடுவத்தைக் கேட்டிருந்தோம். இரண்டாம் நாள் கோவில் தலைவரே வந்து, கரும்பலகை வைக்க வசதியாக இருக்கும் என்று கோவில் மண்டபத்தைத் திறந்துவிட்டார். மே மாத இறுதியில் தொடங்கிய பரீட்சைக்குப் பிறகு, அந்த 19 பேரில் 11 பேர் கணிதத்தில் சித்தியடைந்தார்கள். மிச்சம் எட்டுப் பேரில் ஐந்து பேர் அடுத்த ஏப்ரலில் திரும்பவும் வந்து முன்வரிசையில் இருந்தார்கள்.

வகுப்பு வைக்க நினைப்பவர்களுக்குச் சில சொல்கிறேன். பாடத்திட்டம் முழுவதையும் ஓடிமுடிக்கப் பார்க்காதீர்கள். பின்னம், சதவீதம், சமன்பாடு, வரைபு, கேத்திர கணிதத்தில் இரண்டு மூன்று தேற்றங்கள் ஆகியவற்றைக் கடந்தகால வினாத்தாள்களோடு திரும்பத் திரும்பச் செய்வித்தால் சித்தியடைய வழி பிறக்கும். கொழுந்து நிறையையும் சம்பளத் துண்டின் கழிவுகளையும் வைத்துச் சதவீதம் படிப்பித்தபோது, பின்வாங்கில் தலைகுனிந்திருந்த பிள்ளைகள் எனக்கே பிழை பிடித்தார்கள். பக்கத்துப் பாடசாலை ஆசிரியரைத் தவிர்த்துவிட்டு எதையும் செய்யக் கூடாது. நாங்கள் வந்துபோகிறவர்கள், அவர் தினமும் அந்த மலையேறுகிறவர். பிள்ளைகளோடு தனியாக ஒருவரை விடாமல் எப்போதும் இருவராக இருப்பதும் எங்கள் கண்டிப்பான ஒழுங்கு.

காலத்தைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். நத்தார் விடுமுறையில் போகலாம் என்று எங்கள் இளைஞர்கள் ஒவ்வொரு வருடமும் கேட்பார்கள். எங்களுக்கு வெள்ளம் கொண்டுவருகின்ற அதே வடகீழ்ப் பருவமழை அந்தக் கிழக்குச் சரிவுகளிலும் கொட்டுகிறது. மண்சரிவுக் காலம் அது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணோடு போனதைப் பதுளை மாவட்டத்தார் மறக்கவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் வேனை எடுக்கவே கூடாது. நாங்கள் சிக்கிக்கொண்டால் எங்களைத் தேடி மலையில் இறங்க வேண்டியவர்கள் அந்தத் தோட்டத்து இளைஞர்கள்தான்.

பணத்தைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. முதற் பயணத்தில் சேர்ந்த பணத்தில் பாதிக்கு மேல் எங்கள் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்குமே போனது. இப்போது போகிறவர்கள் தங்கள் பயணச் செலவைத் தாங்களே போடுகிறார்கள்; சபை சேர்க்கின்ற பணம் முழுவதும் வினாத்தாளுக்கும், கண்ணாடிக்கும், கிளினிக் பஸ் காசுக்கும் உபதேசியாரும் கோவில் தலைவரும் சேர்ந்து வைத்திருக்கும் ஒரு கணக்குக் கொப்பி வழியாகப் போகிறது. அந்தக் கொப்பியை நான் திருத்துவதில்லை.

2024 ஆகஸ்டில் அவர்கள் எங்களிடம் வந்தார்கள். சீட்டுப் பிடித்துக் காசு சேர்த்து, நாங்கள் தருகிறோம் என்ற பஸ் கூலியை மறுத்து, 24 பேர் விடியற்காலையில் கல்லாற்றில் வந்து இறங்கினார்கள். கடலை முதன்முதலாகக் கண்ட பிள்ளைகள் கொஞ்ச நேரம் சத்தமே போடவில்லை. கண்ணாடி போட்ட அம்மா, ஒரு கிலோத் தேயிலைத் தூளைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டு, தண்ணீர் எங்கே வரைக்கும் வந்தது என்று கேட்டார். பழைய வீட்டில் மிஞ்சியது பின்வளவுக் கிணறு ஒன்றுதான். அங்கே கூட்டிக்கொண்டு போய், இந்தக் கட்டைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா தப்பினார் என்று காட்டினேன். அம்மா இறந்து ஆறு வருடங்கள் ஆகியிருந்தன. "அம்மா பேரு என்னங்க டீச்சரம்மா?" என்று கேட்டார். சொன்னேன். அவர் அந்தப் பெயரைத் தனக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்து, கறுத்த விரல்களால் கிணற்றுக் கட்டைத் தடவிக்கொண்டு நின்றார்.

மாலையில் பஸ் ஏறும்போது, அடுத்த ஏப்ரலுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கவும் ஒருவரைக் கூட்டிவரச் சொன்னார். வந்தாறுமூலையில் ஒரு மாணவியைக் கேட்டேன், அவள் வந்தாள்.